பிறக்குமுன் மறைந்த பிள்ளைக்கும் துக்கம் உண்டு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கையில் தரப்படும் சிகிச்சைக் குறிப்பில் ஒரு சொல் இருக்கும்: 'அபார்ஷன்'. அதற்கு முன்னால் 'மிஸ்டு' என்றோ 'இன்கம்ப்ளீட்' என்றோ 'ஸ்பான்டேனியஸ்' என்றோ ஓர் அடைமொழியும் இருக்கலாம். மருத்துவருக்கு அது வெறும் கலைச்சொல். கரு தானாகச் சிதைந்ததையும் அச்சொல்லே குறிக்கும். மனிதர் கலைத்ததையும் அச்சொல்லே குறிக்கும். ஆனால் மறைக்கல்வி வகுப்பிலும் மறையுரையிலும் அதைப் பாவத்தின் பெயராக மட்டுமே கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு அந்தத் தாள் ஒரு குற்றப்பத்திரிகையாகத் தோன்றுகிறது. பிள்ளையை இழந்து கட்டிலில் கிடப்பவர், 'நான் பாவம் செய்துவிட்டேனா?' என்று கேட்கிறார். துடிப்பு நின்றுபோன கருவை அகற்ற 'டி அண்ட் சி' செய்துகொண்டவர்களிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டவர்கள் அவர்கள்தாமே!

இம்மருத்துவமனையின் ஆன்மப் பணிக் குழுவினராகிய நாங்கள் அதற்குரிய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருச்சிதைவு பாவமன்று. அறிந்தும் விரும்பியும் செய்யும் செயலே பாவமாகும் என்பது திருஅவையின் அடிப்படைப் போதனை. உடலுக்குள் தானாக நேர்ந்த மரணத்தில் அறிவுக்கும் இடமில்லை, விருப்பத்துக்கும் இடமில்லை. துடிப்பு நின்றபின் செய்யப்படும் சிகிச்சை, ஏற்கெனவே இறந்துவிட்ட குழந்தையைத் தாயின் உடலிலிருந்து பிரித்து, இரத்தப்போக்கிலிருந்தும் நோய்த்தொற்றிலிருந்தும் தாயைக் காப்பதேயன்றி வேறன்று. இதற்காக ஒப்புரவு அருளடையாளத்தை நாட வேண்டிய தேவையே இல்லை. மனம் ஆறுவதற்காக அருள்பணியாளரிடம் பேச விரும்பினால் தாராளமாகப் பேசலாம். குற்றவாளியாக அல்ல, பிள்ளையை இழந்தவராக.

மருத்துவம் சொல்வதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுதி செய்யப்பட்ட கருவுறுதல்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்கின்றன. அவ்வாறு தொடக்கத்திலேயே நேர்பவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குழந்தையின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழையே காரணம். பப்பாளி ஒரு துண்டு தின்றதோ, இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து சென்றதோ, மாடிப்படி ஏறியதோ, கிரகண நேரத்தில் வாசலில் நின்றதோ, மாமியாரிடம் மனத்தாங்கல் கொண்டதோ காரணமன்று. இப்பட்டியல் எங்கள் கற்பனையன்று. வார்டுகளில் காதில் விழுவதையே எழுதுகிறோம்.

நம் ஊர்களில் ஒரு மரணம் என்றால் என்ன நிகழும் என்பது அனைவரும் அறிந்ததே. கோவிலில் துக்க மணி ஒலிக்கும். பந்தல் போடப்படும். துக்க வீட்டில் அடுப்பு எரியாதாகையால் அண்டை வீட்டார் உணவு சமைத்துக் கொண்டுவருவர். அன்பியத்தார் வந்து செபமாலை சொல்வர். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். துக்கம் கேட்க வருபவருக்கு என்ன பேசுவதென்று தெரியாவிட்டாலும், எங்கே அமர்வது, எப்போது எழுவது என்பதாவது தெரியும். இழப்பை ஒரு குடும்பம் தனியே சுமக்கலாகாது என்று ஊர் கூடிச் செய்துவைத்த ஏற்பாடு அது. ஆனால் 14 வாரத்தில் ஒரு குழந்தை இறந்தால் இவற்றுள் ஒன்றுமே நடப்பதில்லை. அன்று மாலையே வீட்டில் அடுப்பு எரிகிறது. அதை மூட்டுபவரும் பல வேளைகளில் அந்தத் தாயே.

ஏடுகளும் இக்குழந்தையை அறிவதில்லை. நம் நாட்டில் 28 வாரம் நிறைந்தபின் உயிரின்றிப் பிறக்கும் குழந்தையே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகிறது. அதற்கு முன் மறைந்த குழந்தைக்கு அரசின் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. பங்கின் திருமுழுக்கு ஏட்டிலும் கிடையாது. ஒரு வகையில் பார்த்தால், தொழிலாளர் சட்டமே இவர்களை முதலில் கண்டுகொண்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களில் பணிபுரியும் பெண்ணுக்குக் கருச்சிதைவுக்குப் பின் 6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. அந்த உரிமை இன்றும் உண்டு. எனினும் 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டே நாளில் வேலைக்குத் திரும்புவோர் பலர். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உங்கள் மருத்துவரிடம் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள்.

ஆறுதல் சொல்ல வருபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். 'அடுத்தது நல்லபடியா தங்கும்' என்கிறார்கள். 'முன்னாடியே போனதும் ஒரு வகையில நல்லதுதான்' என்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னொன்றும் சொல்வார்கள்: 'கடவுளுக்கு ஒரு சம்மனசு தேவைப்பட்டிருக்கு.' இம்மூன்றிலும் கடைசியானதே எங்களுக்கு மிகவும் உவப்பற்றது. சம்மனசுகளுக்குப் பஞ்சம் வந்து ஒரு தாயின் வயிற்றிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளும் கடவுளை நாம் அறிக்கையிடுவதில்லை. அப்படிப்பட்ட கடவுளிடம் அந்தத் தாய் அடுத்த ஞாயிறு எப்படிச் செபிப்பார்?

சிறுமலர் தெரேசாவை அறியாத கத்தோலிக்க வீடு நம்மிடையே அரிது. அவருடைய தாய் செலி மார்ட்டின் பெற்றது ஒன்பது பிள்ளைகள். அவர்களில் நால்வரை அவர் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார். அப்பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிறர் சொன்னதைத் தம்மால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை என்று அவர் மடல் ஒன்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில், 2015இல், அவரையும் அவருடைய கணவர் லூயியையும் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார். புனிதர் ஒருவரே பொறுக்காத பேச்சை நம் பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மாசில்லாக் குழந்தைகள் விழாவாகிய டிசம்பர் 28 அன்று வாசிக்கப்படும் நற்செய்தியிலும் ராகேல் என்னும் தாய் தம் பிள்ளைகளுக்காக அழுகிறார். ஆறுதல் பெற மறுக்கிறார். நற்செய்தியாளர் அவரைக் கண்டிக்கவில்லை. விசுவாசம் போதவில்லை என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

இனி, பாட்டிமார் எங்களிடம் கேட்கும் கேள்விக்கு வருகிறோம். 'ஞானஸ்நானம் இல்லாமப் போயிருச்சே சிஸ்டர், அது இப்ப எங்க இருக்கும்?' இக்கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட அச்சம் இருக்கிறது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் விண்ணகத்துக்கும் நரகத்துக்கும் புறம்பான 'லிம்போ' என்னும் இடத்தில் இருப்பார்கள் என்று ஒரு காலத்தில் பரவலாகக் கற்பிக்கப்பட்டது. ஆயினும் திருஅவை அதை ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு இதையே தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்து, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்டின் ஒப்புதலோடு 2007இல் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. 'உறுதியாகத் தெரியும்' என்று அது சொல்லவில்லை. 'எதிர்நோக்குகிறோம்' என்றே சொல்கிறது. அந்த அடக்கத்தினாலேயே அதன் மீது எங்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. பாட்டியிடம் நாங்கள் சொல்வதும் இதுவே: கடவுளைவிட இரக்கம் மிகுந்தவர்களாக நாம் இருக்க முடியாது, அம்மா.

அடக்கச் சடங்கிலும் பெரிய மாற்றம் நேர்ந்திருக்கிறது. பலர் அதை அறியவில்லை. 1917ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருஅவையின் அடக்கத்தை மறுத்தது. அக்காலத்தில் பிள்ளையை இழந்தவர்களின் நினைவில் அந்த மறுப்பு இன்றும் வடுவாக நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்போ, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குமுன் இறந்துவிட்ட குழந்தைக்கு அடக்கச் சடங்கு நடத்த ஆயர் இசைவளிக்கலாம் என்கிறது. அத்தகைய குழந்தையின் அடக்கத்துக்கென்றே உரோமைத் திருப்பலி நூலில் தனி மன்றாட்டுகள் உள்ளன. வாசல் திறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைத் தட்டலாம் என்பதே பெற்றோர் பலருக்குத் தெரியாது. இது எங்களுக்கு வருத்தம் தருகிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஆயரின் இசைவை அவர் பெற்றுத் தருவார்.

இறந்துவிட்ட குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதில்லை. அருளடையாளங்கள் உயிரோடிருப்போர்க்கு உரியவை. இது எவ்வளவு மன்றாடிக் கேட்டாலும் மாறாத நெறியாதலால், அருள்பணியாளர் மறுக்கும்போது அதைக் கல்நெஞ்சம் என்று எண்ண வேண்டாம். அவரால் அப்போதும் குழந்தைக்காகவும் உங்களுக்காகவும் செபிக்க முடியும். ஆசி வழங்க முடியும். மாறாக, குழந்தை சில நிமிடங்களே உயிரோடிருந்தாலும் திருமுழுக்கு அளிக்கலாம். அவசரத்தில் தந்தையே அதை அளிக்கலாம், செவிலியரும் அளிக்கலாம். அந்தச் செவிலியர் கிறிஸ்தவராய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. திருஅவை எண்ணுவதையே தாமும் எண்ணிச் செய்தால் போதும்.

வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டபின் கருவுற்றவர்களின் துயரம் தனி வகையானது. நேர்ச்சையைச் செலுத்தத் தாமதித்ததால் மாதா பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று எண்ணி உறக்கமின்றிக் கிடப்பவர்கள் உண்டு. ஆரோக்கிய அன்னை கடன் வசூலிப்பவர் அல்லர். அந்தத் தொட்டில் ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொன்ன ஆசை, ஒப்பந்தமன்று.

மருத்துவமனைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், வெளியே உயிர்வாழும் நிலையை எட்டாமல் இறந்த கருவை மனித உடற்கூற்றுக் கழிவு என்ற இனத்தில் சேர்க்கின்றன. அதற்குரியது மஞ்சள் பை. நோய்த்தொற்றைத் தடுக்க எழுந்த விதி அது. அதில் குறை காண்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் அந்தப் பைக்கு முன்னால் ஒரு கேள்விக்கு எப்போதும் நேரம் இருக்கிறது என்பதே எங்கள் கருத்து: 'நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?' இக்கேள்வி சிகிச்சைக்கு முன்பே கேட்கப்பட வேண்டும்; பின்னர்க் கேட்டுப் பயனில்லை. செவிலியர் கேட்க மறந்தால் நீங்களே கேளுங்கள். விதிகளும் மருத்துவரின் முடிவும் இடம் தந்தால் குழந்தையைப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம். மிகத் தொடக்க வாரங்களில் அடக்கம் செய்வதற்கு ஓர் உருவம்கூடக் கிடைக்காமல் போகலாம். இதை மறைப்பது நேர்மையாகாது. அப்போதும் ஒரு செபம் சொல்லலாம். ஒரு பெயர் வைக்கலாம்.

பெயர் வைப்பதில் நம் நாட்டுப் பெற்றோருக்குத் தனியான ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி கருவில் உள்ளது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். பெண் குழந்தைகளைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. ஆகவே கருவிலேயே பிள்ளையை இழந்தவர்கள், தாம் அழுவது மகனுக்காகவா மகளுக்காகவா என்று அறியாமலே அழுகிறார்கள். நல்லவேளையாக, தமிழில் இருபாலர்க்கும் பொருந்தும் பெயர்களுக்குக் குறைவில்லை: அருள், அன்பு, செல்வம். பெயர் வைப்பது பெற்றோரின் விருப்பம். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை.

குழந்தையைத் தாய்க்குக் காட்டலாமா என்பதில் வீட்டுப் பெரியவர்களோடு நாங்கள் பலமுறை முரண்படுகிறோம். 'காட்டாதீங்க, மனசு கெட்டுப்போயிடும்' என்று அவர்கள் விரைந்து மறைக்கிறார்கள். அன்பினாலேயே அப்படிச் செய்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் முடிவு தாயினுடையது. சிலருக்குப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பார்க்க வேண்டாம். சிலர் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்பார்கள். ஆகவே ஒருமுறை கேட்டதோடு நிறுத்திவிடலாகாது. குழந்தை எவ்வளவு சிறியதாக இருக்கும், எந்த நிறத்தில் இருக்கும் என்பதைச் செவிலியர் முன்னரே சொல்லிவிட்டு, தூய வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் தாய் திடுக்கிட நேராது. இன்னொன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும்: நான்காம் மாதத்துக்குப் பின் குழந்தையை இழந்த தாய்க்குச் சில நாள்களில் பால் சுரக்கக்கூடும். எச்சரிக்கப்படாத தாய் இரவில் நனைந்த ஆடையோடு விழித்தெழுவது கொடுமை. என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

குழந்தை உயிரோடிருக்கும்போதே துக்கம் தொடங்கும் குடும்பங்களும் உண்டு. 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் மருத்துவரின் கை ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. அவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். பிறகு வரும் சொற்கள் புதியவை: டிரைசோமி 18, அனென்கெபலி, டவுன் சின்ட்ரோம். இவை ஒன்றல்ல. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை பள்ளி செல்லும், பாடும், பல்லாண்டு வாழும். அனென்கெபலி உள்ள குழந்தை பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாள்களோ மட்டுமே வாழும். ஆகவே, என்ன குறை, எவ்வளவு உறுதி, வேறு பரிசோதனை தேவையா என்பதை முழுமையாகக் கேட்டறியாமல் எவரும் எதையும் முடிவு செய்யலாகாது. பெற்றோரை அவசரப்படுத்தவும் கூடாது.

2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், பெருங்குறை உண்டென்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால் 24 வாரங்களைக் கடந்தும் கருவைக் கலைக்கச் சட்டம் இடமளிக்கிறது. உயிரை முடித்து வைக்கும் உரிமை நமக்கில்லை என்பது திருஅவையின் போதனை. அதை நாங்கள் மறைக்கவும் இல்லை, மெழுகிப் பூசவும் இல்லை. ஆனால் அப்போதனையைச் சொல்பவர் அச்சொல்லோடு ஒரு கடனையும் ஏற்றுக்கொள்கிறார் என்பதை நம் பங்குகள் இன்னும் போதிய அளவு உணரவில்லை. 'வீரத் தாய்' என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. அவர் புகழைக் கேட்கவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு உடன்வர ஒருவர் வேண்டும். மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஒருவர் வேண்டும். பயணச் செலவுக்குப் பணம் வேண்டும். குழந்தை ஊனத்தோடு வாழ்ந்தால் இத்தேவைகள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நீளும். மறையுரை மேடையில் சொல்லப்படுவதற்கு அன்பியத்தாரின் சமையலறையிலும் ஒரு தொடர்ச்சி இருந்தாக வேண்டும்.

இத்தகைய பெற்றோருக்கென்று பேறுகாலத் தணிப்புக் கவனிப்பு என்ற முறை வளர்ந்து வருகிறது. 2019 மே மாதம் வத்திக்கானில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது; திருத்தந்தை பிரான்சிஸ் அதில் கலந்துகொண்டவர்களிடம் பேசினார். முறை எளியது. பெரிய எந்திரங்கள் வேண்டியதில்லை. பேறுக்கு முன்பே பெற்றோரும் மருத்துவரும் அமர்ந்து ஒரு திட்டம் எழுதுகிறார்கள்: பேற்றறையில் யார் யார் இருப்பது, எந்தச் சிகிச்சை பயன் தரும், எது வெறும் வேதனை, குழந்தைக்கு வலி தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, திருமுழுக்கை யார் அளிப்பது, பாதத் தடத்தைத் தாளில் எடுத்துக்கொள்வதா. பிறந்ததும் குழந்தை தாயின் மார்பில் கிடத்தப்படுகிறது. அதன் வாழ்நாள் நாற்பது நிமிடம் என்றால் அந்த நாற்பது நிமிடமும் அது பெற்றோரின் கைகளிலேயே இருக்கும்.

வேறு முடிவு எடுத்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். அச்சத்தாலோ, குடும்பத்தின் நெருக்கடியாலோ, வேறு வழி இருப்பதாக யாரும் சொல்லாததாலோ எடுத்த முடிவாக அது இருக்கலாம். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் அத்தகைய பெண்களிடம் நேரடியாகவே பேசினார். நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றார். இப்பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லா அருள்பணியாளர்களுக்கும் அளித்தார். எந்தப் பங்கிலும், எந்த அருள்பணியாளரிடமும் செல்லலாம். அவர்கள் அழுவதும் ஒரு பிள்ளைக்காகவே. ஆனால் மற்றவர்களைப் போல வாய்விட்டுச் சொல்லக்கூட அவர்களால் முடிவதில்லை.

தந்தையரைப் பற்றி ஒன்று. படிவங்களில் கையொப்பமிடுவதும், மருந்துக்கு ஓடுவதும், உறவினரின் அலைபேசி அழைப்புகளுக்கு விடை சொல்வதும் அவர்கள் வேலையாகிவிடுகின்றன. 'அவ எப்படி இருக்கா?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். 'நீ எப்படி இருக்கே?' என்று அவரிடமும் ஒருவர் கேட்கலாமே.

நவம்பர் நெருங்குகிறது. இறந்தோர் நினைவுத் திருப்பலிகளுக்காகப் பங்குகளில் உறைகள் வழங்கப்படும். குடும்பங்கள் தம்மைப் பிரிந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும். 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் அனைவரும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு செல்வார்கள். கல்லறை இல்லாத பிள்ளையின் பெற்றோர் எங்கே ஏற்றுவதென்று தெரியாமல் தாத்தாவின் கல்லறையருகே நிற்பார்கள். அங்கேயே இன்னொரு மெழுகுவத்தியை ஏற்றலாம். உறையில் தாத்தாவின் பெயருக்குக் கீழே பிள்ளையின் பெயரையும் எழுதலாம். அக்குழந்தைக்குப் பாவ மன்னிப்புத் தேவை என்பதற்காக அன்று. அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்காக. முப்பது ஆண்டுகளுக்கு முன் இழந்தவர்களும் எழுதலாம். பெயர் வைத்திராவிட்டால் 'குழந்தை' என்று எழுதி, பக்கத்தில் உங்கள் இருவர் பெயரையும் எழுதுங்கள். பங்குத்தந்தையரே, அந்த வரியைத் தாண்டிச் செல்லாமல் மற்றப் பெயர்களைப் போலவே உரக்க வாசியுங்கள்.